மீன் தொட்டி அறையில் ஈரமும் காற்றோட்டமும்



மும்பையில் ஹார்பர் பாதை என்று சொல்லப்படும் மின்சார இரயில் வழியில், குர்லாவைத் தாண்டியதும் வருவது திலக் நகர். அதற்கடுத்தது செம்பூர். தமிழகத்திலிருந்து நெடுந்தூர வண்டியில் வருவோரிற் பலர் முதன்முதலாக மும்பை மண்ணை மிதிக்கும் லோகமான்ய திலக் முனையமும் இதற்கு அருகிலேதான் இருக்கிறது. செடா நகர் முருகன் கோயிலுக்குச் செல்லும் அன்பர்களும் இவ்வழியை நன்கறிவர். வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய அடுக்கு வீடுகள் வரிசையாக நின்ற பகுதி இது. அவற்றுட் பல இடிக்கப்பட்டு, விண்ணை முட்டும் மாடங்கள் எழுந்துவிட்டன. எஞ்சிய பழைய கட்டடங்கள் அவற்றின் நிழலில் நிற்கின்றன.

இந்நகரின் பழைய தரைத்தள வீடுகளுக்கு ஒரு விந்தையான நிலைமை உண்டு. அவை கட்டப்பட்ட காலத்தில் வாசற்படி சாலைக்கு மேலே இருந்தது. ஆனால் சாலையைச் செப்பனிடும்போதெல்லாம் பழைய தளத்தை முழுவதும் அகழாமல் அதன்மேலேயே புதுத் தளம் போடுவது நீண்டகால வழக்கமாகிவிட்டது. வீடு இருந்த இடத்திலேயே இருக்க, தெரு மட்டும் அங்குலம் அங்குலமாக உயர்ந்தது. இன்று அத்தகைய வீடுகள் சிலவற்றில் இரண்டு படி கீழே இறங்கித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. யாரும் நிலவறை கட்டவில்லை. தரைத்தளமே மெல்ல மெல்ல நிலவறையாயிற்று!

அப்படிப்பட்ட ஓர் அறைக்குச் சென்ற ஆண்டு ஆடித் திங்களில் நாம் செல்ல நேர்ந்தது. அவ்வறையில் நாம் கண்டதையும், அதனால் ஆராய்ந்து அறிந்ததையும் பற்றியதே இன்றையப் பேச்சு. மீன் தொட்டி இல்லாத நேயர்கள் இது தமக்கன்று என எண்ணிவிட வேண்டா. ஈரத் துணியை அறைக்குள்ளே உலர்த்துவோரும், சாளரமற்ற அறையில் நெல் அவிப்பதுபோல் வெந்து கிடப்போரும் வெளி மாநிலங்களில் நம்மவருள் பலர் இருக்கின்றனர்.

நாம் காணச் சென்ற அன்பர் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்தவர். அக்கம்பக்கத்தார் அண்ணாச்சி என்றே அழைப்பர். இளமையில் சென்னைக்கு வடமேற்கே உள்ள கொளத்தூரில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். கொளத்தூர் அலங்கார மீன் வளர்ப்புக்குப் பெயர் போன இடம் என்பதை நேயர்கள் அறிந்திருக்கலாம். அங்கே கற்ற தொழிலை மும்பைக்குக் கொண்டுவந்து, தாம் குடியிருக்கும் வீட்டை ஒட்டிய அறையொன்றில் இருபது கண்ணாடித் தொட்டிகளை இரும்புச் சட்டத்தில் அடுக்கி, கப்பி, மோலி, ஏஞ்சல், சண்டை மீன் ஆகியவற்றை இனப்பெருக்கம் செய்கிறார். குர்லாவிலும் கிராஃபோர்டு சந்தையிலும் உள்ள கடைக்காரர்கள் வாங்கிச் செல்கின்றனர். குடும்பம் நடப்பது இதனால்தான்.

தொட்டிகளை மாடியில் வைக்கலாகாதா என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் நீரின் எடை ஒரு கிலோ. இரண்டடி நீளமும் ஓரடி அகலமும் உள்ள நடுத்தரத் தொட்டியில் எழுபது லிட்டர் நீர் கொள்ளும் என்று வைத்தால், இருபது தொட்டிக்கு நீர் மட்டுமே 1,400 கிலோ. கண்ணாடி, மணல், இரும்புச் சட்டம் எல்லாம் இதற்கு மேல். பழைய கட்டடத்தின் மேல்தளத்தில் இத்தனை பாரத்தை ஏற்றலாகாது. ஆகவேதான் மீன் அறைகள் பெரும்பாலும் கீழேயே, தரையோடு தரையாகவோ தரைக்கும் கீழாகவோ அமைகின்றன. பாரம் தாங்கும் இடமும் காற்று நுழையா இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுவதில்தான் தொல்லை தொடங்குகிறது.

நாம் படியிறங்கிக் கதவைத் திறந்ததும் முகத்தில் அறைந்தது போன்ற புழுக்கம். மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. சுவரின் கீழ்ப்பாதியில் சுண்ணாம்பு உப்புப் பூத்து உதிர்ந்திருந்தது. மேல்மூலைகளில் கரும்பூஞ்சணம் வட்ட வட்டமாகப் படர்ந்திருந்தது. சுவரிலே மாட்டிய தினத்தாள் நாட்காட்டி தாள் தாளாக நெளிந்து, கிழிக்கப் போனால் இரண்டு நாட்கள் சேர்ந்து வந்தன. இத்தனைக்கும் சாளரம் அகலத் திறந்திருந்தது. எக்ஸாஸ்ட் விசிறி ஒன்று இரவும் பகலும் சுழன்றது. அதுவும் போதாதென்று, தவணை முறையில் வாங்கிய ஈரமகற்றும் பொறி ஒன்று மூலையில் உறுமிக்கொண்டிருந்தது.

"அண்ணே, இந்த வீட்டிலே அப்பளம் பொரித்து வைத்தால் சோறு பரிமாறுவதற்குள் நமுத்துப் போகிறது. உப்பு ஜாடியில் உப்பு இல்லை, உப்புத் தண்ணீர்தான் இருக்கிறது" என்றார் அண்ணாச்சியின் மனைவியார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் உள்ளறையில் அவர்களுடைய எட்டு வயதுச் சிறுவன் இருமிக்கொண்டிருந்தான். மழை தொடங்கியதிலிருந்து இழுப்பு நிற்கவில்லை. இதற்கிடையில் கட்டடத்துச் சங்கத்தார், மேல்வீட்டுத் தளத்தில் காரை பெயர்கிறதென்றும், தீபாவளிக்குள் தொட்டிகளை அகற்ற வேண்டுமென்றும் கடிதம் கொடுத்திருந்தனர். தொட்டியை அகற்றினால் தொழில் இல்லை. அகற்றாவிட்டால் வீடு இல்லை. சிறுவனின் மார்போ இரண்டுக்கும் காத்திருக்கவில்லை.

"கொளத்தூரில் இதைப் போல் பத்து மடங்கு தொட்டி பார்த்திருக்கிறேன். ஒரு நாளும் இப்படி இல்லையே!" என்று அண்ணாச்சி அங்கலாய்த்தார். அவர் சொன்னதில் பிழையில்லை. அங்கே அவர் கண்டவை வெளிமுற்றத்துச் சிமெண்டுத் தொட்டிகள். மேலே வலையோ கீற்றோ போட்டிருக்கும். நீரிலிருந்து எழும் ஆவியைக் காற்றே வாரிக்கொண்டு போய்விடும். சென்னையில் 1909ஆம் ஆண்டு மெரீனாக் கடற்கரையில் திறக்கப்பட்ட மீன் காட்சிச்சாலையும், மும்பையில் 1951இல் மெரீன் டிரைவில் திறக்கப்பட்ட தாராபோர்வாலா மீன் காட்சிச்சாலையும் கடலைப் பார்த்தபடி அமைந்தவை. அவை இன்று பார்வைக்கு இல்லை. ஆயினும் மீன் வளர்ப்பு என்றதும் நம் நினைவுக்கு வருபவை இத்தகைய திறந்த வெளிகளும் பெரிய மண்டபங்களுமே. நான்கு சுவருக்குள், அதுவும் தெரு மட்டத்திற்குக் கீழே, வளர்க்கும்போது காற்றின் கணக்கே வேறாகிவிடுகிறது.

அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

காற்று நீராவியைத் தாங்கும் அளவுக்கு ஓர் எல்லை உண்டு. அவ்வெல்லை வெப்பத்தோடு உயரும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 17 கிராம் நீராவியைத் தாங்கும். 25 டிகிரியில் 23 கிராம். 30 டிகிரியில் 30 கிராம். இவ்வெல்லையில் எத்தனை பங்கு நிரம்பியுள்ளது என்பதையே ஈரப்பதம் நூற்றுக்கு இத்தனை என்று வானிலை அறிக்கையில் கூறுகின்றனர். நிரம்பிய காற்று குளிர்ந்தால், தாங்க முடியாத பங்கை நீராகக் கக்கிவிடும். குளிர்ந்த மோர்ச் செம்பின் புறத்தே முத்து முத்தாக நீர் அரும்புவது செம்பு கசிவதாலன்று. அதைச் சூழ்ந்த காற்று குளிர்ந்து கக்கிய நீர் அது.

இப்போது அண்ணாச்சியின் அறைக்கு வருவோம். பத்தடிக்குப் பன்னிரண்டடி, உயரம் ஒன்பதடி. ஏறத்தாழ 30 கன மீட்டர் காற்று. 28 டிகிரி வெப்பத்தில் அக்காற்று முழுவதும் நிரம்பி வழியும் அளவுக்கு நீராவி ஏற்றினாலும், அதன் எடை எவ்வளவு தெரியுமா? 820 கிராமுக்கு மேல் இல்லை. அறை முழுவதற்கும் ஒரு லிட்டர்கூட இல்லை! இருபது தொட்டிகளின் நீர்ப்பரப்பு மொத்தம் மூன்றரை சதுர மீட்டருக்குச் சற்று மேல். ஒரு நாளில் நீர்மட்டம் இரண்டு மில்லிமீட்டர் குறைகிறதென்று கொண்டால், ஆவியாகி அறைக்குள் கலப்பது ஏழு லிட்டர். ஒரு லிட்டரும் கொள்ளாத பாத்திரத்தில் நாள்தோறும் ஏழு லிட்டர் ஊற்றுகிறோம். வழிந்தது எங்கே போகும்? சுவருக்கும் கூரைக்கும் துணிமணிக்கும் சிறுவனின் தலையணைக்கும்.

இக்கணக்கை நேயர்கள் தம் வீட்டிலேயே போட்டுப் பார்க்கலாம். தொட்டிக் கண்ணாடியில் நீர்மட்டத்துக்கு நேராக ஒரு கோடு கிழித்து, இருபத்து நான்கு மணி நேரம் கழித்து எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறதென்று பாருங்கள். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர். இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டுவதில்லை.

அடுத்து, சாளரம். ஈரம் மிகுந்தால் சாளரத்தைத் திற என்பது நம் பாட்டிமார் சொன்ன விதி. அது நல்ல விதிதான். ஆயின் வெளிக்காற்று உள்காற்றைவிட உலர்ந்திருக்கும்போது மட்டுமே அது செல்லும். மும்பையில் தை மாதத்துக் காற்றில் கன மீட்டருக்குப் பன்னிரண்டு கிராம் அளவில்தான் நீராவி இருக்கும். அறையை 28 டிகிரியில் நூற்றுக்கு அறுபது என்ற ஈரப்பதத்தில் வைக்க விரும்பினால், உள்ளே பதினாறு கிராம் இருக்கலாம். ஆகவே வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றும் போகும்போது நான்கு கிராம் நீரைச் சுமந்து செல்லும். ஏழு லிட்டரையும் வெளியேற்ற மணிக்கு எழுபத்தைந்து கன மீட்டர் காற்று மாறினால் போதும். ஒரு சிறிய எக்ஸாஸ்ட் விசிறி இதனை எளிதில் செய்துவிடும்.

ஆடி மாதத்தில் நிலைமை என்ன? வெளியே 27 டிகிரி வெப்பம், ஈரப்பதம் நூற்றுக்கு 85க்கும் மேல். வெளிக்காற்றிலேயே கன மீட்டருக்கு 22 கிராம் இருக்கிறது. அந்தக் காற்றைக் கொண்டு அறையைப் பதினாறு கிராமுக்கு இறக்க எந்த விசிறியாலும் இயலாது. வெளியே உள்ள அளவுக்கு வேண்டுமானால் கொண்டுவரலாம். அதற்குக் கீழே ஓர் அணுவும் இறங்காது. அண்ணாச்சியோ விசிறியையும் ஓடவிட்டு, சாளரத்தையும் திறந்துவைத்து, ஈரமகற்றும் பொறியையும் முடுக்கியிருந்தார். விசிறி மணிக்கு இருநூறு கன மீட்டர் காற்றை வெளியே தள்ளுகிறதென்று கொள்வோம். அத்தனை காற்றும் தெருவிலிருந்து உள்ளே வரும்போது, பொறி அகற்ற வேண்டிய மிகை நீர் கன மீட்டருக்கு ஆறு கிராம். மணிக்கு 1,200 கிராம். ஒரு நாளைக்கு ஏறத்தாழ 29 லிட்டர்! மீன் தொட்டி தருவதோ ஏழு லிட்டர். அவருடைய வீட்டை நனைத்தது மீன்தொட்டியைவிடத் திறந்த சாளரமே. மின்கட்டணம் செலுத்தி, மும்பையின் பருவமழையை உலர்த்த முயன்றுகொண்டிருந்தார் அந்த நல்ல மனிதர்.

இதைச் சொன்னபோது அவர் முதலில் நம்பவில்லை. "மூடினால் மூச்சு முட்டிப் போகுமே" என்றார். அந்த அச்சத்திலும் நியாயம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறோம்.

முதலில் செய்ய வேண்டியது சாளரத்தைப் பற்றியதே அன்று. தொட்டியை மூட வேண்டும். நீர் ஆவியாகி எழுந்த பிறகு அதைத் துரத்திப் பிடிப்பதைவிட எழாமல் தடுப்பது எளிது. கண்ணாடிப் பலகையோ பாலிகார்பனேட் தகடோ வெட்டித் தொட்டியின்மேல் வைத்துவிட்டால் ஆவியாதல் பெரும்பங்கு குறைந்துவிடும். உணவிடவும் காற்றுக் குழாய் நுழையவும் ஒரு மூலையில் சிறு இடைவெளி இருந்தால் போதும். தகட்டின் அடியில் திரளும் நீர் மீண்டும் தொட்டிக்குள்ளேயே சொட்டும்படி தகட்டைச் சற்றுச் சாய்த்து வைத்தல் நலம். சண்டை மீனும் கௌராமியும் நீரின் மேற்பரப்புக்கு வந்து காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் இயல்புடையவை. நீருக்கும் மூடிக்கும் இடையே உள்ள வெதுவெதுப்பான காற்று அவற்றுக்கு, அவற்றிலும் குஞ்சுகளுக்கு, மிகவும் ஏற்றது. ஆதலின் மூடி வீட்டாருக்கும் மீனுக்கும் ஒருங்கே நன்மை செய்கிறது. மூடிக்கும் நீருக்கும் இடையே இரண்டு அங்குலமாவது இடம் விடுதல் வேண்டும்.

மூடியிட்ட தொட்டியில் மீனுக்கு மூச்சு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். அதற்குக் காற்றுப் பம்பு இருக்கிறது. ஆனால் அது எந்தக் காற்றை உறிஞ்சுகிறது என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. மூடிய அறையில் ஆட்களும் மீன்களும் விட்ட மூச்சால் கரியமிலவாயு மிகுந்திருக்கும். அதே காற்றைப் பம்பு தொட்டிக்குள் ஊதினால் நீரின் அமிலத்தன்மை கூடும், மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும். பம்பை அறைக்கு வெளியே, நடைவழியில் உலர்ந்த இடத்தில் வைத்துக் குழாயை மட்டும் உள்ளே கொண்டுவந்தால் இத்தொல்லை இல்லை. பம்பு நீர்மட்டத்திற்கு மேலே இருத்தல் வேண்டும். இல்லாவிடின் மின்சாரம் நின்ற வேளையில் தொட்டி நீர் குழாய் வழியே பின்னோக்கி இறங்கிப் பம்புக்குள் புகுந்துவிடும்.

இரண்டாவதாக, சுவரின் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று அறிய வேண்டும். தெரு மட்டத்திற்குக் கீழே உள்ள சுவரில் மண்ணிலிருந்து நீர் கசிந்து வரலாம். அறைக்காற்றே சுவரில் நீராகப் படியலாம். இரண்டுக்கும் மருந்து வேறு. ஓரடிச் சதுரமான பாலிதீன் தாளை எடுத்து, நான்கு ஓரங்களிலும் ஒட்டுநாடாவால் சுவரோடு இறுக ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் அடியில், சுவர்ப் பக்கத்தில், நீர்த்துளி கண்டால் சுவர் கசிகிறது. தாளின் வெளிப்புறம், அறைப் பக்கத்தில், துளி நின்றால் அது காற்றின் நீர். அண்ணாச்சியின் வீட்டில் தெருவை ஒட்டிய சுவர் கசிந்தது. மற்ற மூன்று சுவர்களும் காற்றால் நனைந்தன. கசியும் சுவருக்கு உள்ளே பூச்சுப் பூசிப் பயனில்லை. வெளியே தெரு நீர் சுவரோடு தேங்காமல் வழிசெய்தல் வேண்டும். அது சங்கத்தார் செய்ய வேண்டிய வேலை. தாளில் கண்டதை அண்ணாச்சி அவர்களுக்குக் காட்டியபோதுதான், குற்றம் முழுவதும் மீன்களுடையதன்று என்பது அவர்களுக்கும் விளங்கிற்று.

காரை பெயர்ந்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிமெண்டுக் கூரைக்குள் இருக்கும் இரும்புக் கம்பி, ஈரமும் காற்றும் சேர்ந்து எட்டினால் துருப்பிடிக்கும். துரு இரும்பைவிடப் பெரிய இடத்தை அடைத்துக்கொள்வதால் உள்ளிருந்தே காரையைப் பிளந்து தள்ளும். கூரையில் கம்பியின் வழியே நேர்க்கோடாக விரிசல் ஓடினால் அதைச் சுண்ணாம்படித்து மறைக்கலாகாது. கட்டடப் பொறியாளரை அழைக்க வேண்டிய தருணம் அது.

மூன்றாவதாகத்தான் காற்றோட்டம். ஈரக்காற்று கனமானது, தரையோடு தங்கும் என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு நேர்மாறு. நீராவி காற்றைவிட இலேசானது. ஆகவே ஈரமும் வெப்பமும் கொண்ட காற்று கூரையை நோக்கி எழும். வெளியேற்றும் விசிறி கூரைக்கு அடுத்து இருக்க வேண்டும். உள்ளே வரும் வழி அதற்கு எதிர்ச்சுவரில் தாழ இருக்க வேண்டும். இரண்டும் பக்கத்திற் பக்கத்தில் இருந்தால் வந்த காற்று வந்த வழியே போய்விடும், அறையின் மறுகோடி அசையாது கிடக்கும். உள்வழியே இல்லாமல் விசிறியை மட்டும் பொருத்துவதும் தவறு. விசிறி எங்கிருந்தாவது காற்றை இழுத்தே தீரும். வழியில்லையேல் சாக்கடைக் குழாய் வழியாகவும் கழிப்பறையிலிருந்தும் இழுக்கும். சில வீடுகளில் வரும் இனம்புரியாத நாற்றத்துக்கு இதுவே காரணம்.

விசிறியை எப்போது ஓட்டுவது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்ய ஈரப்பதமானி ஒன்று வேண்டும். சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. மலிவான கருவி சில சமயம் பொய் சொல்லும் என்பதால் அதையும் ஒருமுறை சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு சிறு கிண்ணத்தில் சமையல் உப்பை எடுத்துக் குழம்பாக ஆகும் அளவுக்கு மட்டும் நீர் சேர்த்து, அதையும் கருவியையும் மூடியுள்ள டப்பாவுக்குள் ஓர் இரவு வையுங்கள். நனைந்த உப்பின்மேல் உள்ள காற்றின் ஈரப்பதம் எப்போதும் நூற்றுக்கு 75 அளவிலேயே நிற்கும். காலையில் கருவி 80 காட்டினால் ஐந்தைக் கழித்துப் படியுங்கள்.

மும்பையில் ஜூன் மாத நடுவிலிருந்து செப்டம்பர் இறுதிவரை சாளரத்தையும் விசிறியையும் மூடிவிட்டு, ஈரமகற்றும் பொறியையோ குளிர்சாதனப் பெட்டியையோ ஓட்டுவதே முறை. அக்டோபரில் மழை விலகிய பின்னர் பொறிக்கு ஓய்வு கொடுத்துச் சாளரத்தைத் திறக்கலாம். கொல்கத்தாவில் உள்ள நேயர்களுக்கும் இதுவே பொருந்தும். டில்லியில் சித்திரை, வைகாசிக் காற்று மிக வறண்டது. அங்கே அப்போது தாராளமாகத் திறக்கலாம். ஆனால் மார்கழிக் குளிரில் வெளிச்சுவர் சில்லிட்டு, வெந்நீர்த் தொட்டியின் ஆவி அதிலே நீராய் ஓடும். பெங்களூரில் இத்தனை தொல்லையில்லை.

மழைக்காலத்தில் மூடிய அறைக்கு மூச்சு எவ்வாறு என்பது அண்ணாச்சியின் கேள்வி. நாள் முழுவதும் மூடி வைக்கச் சொல்லவில்லை. காலையிலும் மாலையிலும் பத்து நிமிடம் கதவையும் சாளரத்தையும் எதிரெதிரே திறந்து, பொறியை அந்நேரம் நிறுத்திவைத்தால், கரியமிலவாயு வெளியேறிவிடும். அதனால் உள்ளே வரும் ஈரம் ஓரறை அளவு காற்றினுடையதே. பொறி அதனைச் சற்று நேரத்தில் வாங்கிவிடும். அந்த அறையில் எவரும் உறங்கலாகாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னோம். அதுவரை சிறுவன் தொட்டிகளுக்கு எதிரே கட்டிலிட்டுத்தான் உறங்கினான். ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீடுகளில் வாழ்வோருக்கு இழுப்பும் இருமலும் மிகுதியாகக் காணப்படுகின்றன என்று உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டி நூல் கூறுகிறது. பூஞ்சணம் படிந்த சுவரை உலர்ந்த துடைப்பத்தால் தட்டினால் வித்துகள் காற்றில் பறந்து மார்புக்குள் செல்லும். ஈரத்துணியால், மூக்கைக் கட்டிக்கொண்டு, சோப்பு நீரால் துடைப்பதே தக்கது. தொட்டி அருகே கிருமிநாசினி தெளிப்பது மீனுக்கு நஞ்சு.

பொறிக்கும் ஒரு குறை உண்டு. அது வெளியிடும் வெப்பம் அறைக்குள்ளேயே தங்கும். அறை சில டிகிரி சூடேறினால் தொட்டி நீரும் பின்தொடர்ந்து சூடேறும். 25 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேல் பிராணவாயுவைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். மீனுக்கோ சூடு ஏற ஏற மூச்சின் தேவை கூடும். ஆகவே பொறி ஓடும் மாதங்களில் தொட்டிக்கு இத்தனை மீன் என்ற எண்ணிக்கையைக் குறைத்தல் வேண்டும். அண்ணாச்சிக்கு இது கசப்பாகவே இருந்தது. விற்பனைக்குத் தயாரான ஏஞ்சல் மீன்களை மழைக்கு முன்பே விற்றுத் தீர்ப்பதென்று ஒருவாறு முடிவு செய்தார்.

இனி, நாம் அவ்வறையில் கண்டவற்றுள் நம்மை மிகவும் நடுங்கச் செய்ததைக் கூற வேண்டும். தொட்டிச் சட்டத்தின் இரும்புக் காலில் கை பட்டபோது விரலில் சுருக்கென்றது. "சும்மா இலேசாகத்தான் இருக்கும், பழகிப் போச்சு" என்றார் அண்ணாச்சி. பழகுவதற்குரிய பொருளா மின்சாரம்! தரையில் ஈரம், இரும்புச் சட்டம், இருபது தொட்டி நீர், தரையோடு கிடந்த இணைப்புப் பலகை. அதிலே வெறுங்காலோடு நடமாடும் சிறுவன். அன்றே மின்பணியாளரை அழைத்து, ஆர்.சி.சி.பி. என்னும் மின்கசிவுத் துண்டிப்பானைப் பொருத்தச் செய்தோம். முப்பது மில்லியாம்பியர் அளவுக்கு மின்சாரம் வழிதவறினாலே கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் வகையே வீட்டுக்கு ஏற்றது. இரும்புச் சட்டத்துக்கு நிலத்தொடர்பு கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு கம்பியும் பிளக்கை அடையுமுன் ஒரு வளைவாகத் தாழத் தொங்கி மேலேறும்படி அமைத்தோம். கம்பியின் வழியே வழியும் நீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் ஏறாது. தொட்டிக்குள் கைவிடும் முன் மின்சாரத்தை நிறுத்துவது என்ற ஒழுக்கத்தைச் சிறுவன்தான் முதலில் கற்றுக்கொண்டான்.

பிளக்குகளை எத்தனை உயரத்தில் வைப்பதென்ற கேள்வியும் எழுந்தது. 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. மித்தி ஆறு பெருகிக் குர்லாவின் தாழ்ந்த பகுதிகள் மூழ்கின. அந்நாளை அனுபவித்த அயலார் ஒருவர் வந்து, சுவரில் தம் இடுப்பளவுக்குக் கைவைத்து, "இதுவரை வந்தது" என்று காட்டினார். பிளக்குப் பலகை அதற்கும் ஓரடி மேலே ஏற்றப்பட்டது.

மார்கழியில் மீண்டும் திலக் நகர் சென்றோம். சாளரம் திறந்திருந்தது. ஈரமகற்றும் பொறி துணி போர்த்தி மூலையில் இருந்தது. தொட்டிகளெல்லாம் மூடியோடு இருந்தன. பல மூடிகள் பழைய சாளரக் கண்ணாடியை வெட்டிச் செய்தவை. தெருப்புறச் சுவரில் உப்புப் பூத்தது இன்னும் நிற்கவில்லை. வெளி வடிகாலைச் செப்பனிடுவதென்று சங்கத்தார் தீர்மானம் செய்திருக்கின்றனர். வேலை தொடங்கவில்லை. தொட்டிகளை அகற்றும் கெடுவை அடுத்த மழைக்காலம் முடியும்வரை நீட்டியிருக்கின்றனர். சிறுவனுக்கு இழுப்பு வெகுவாகக் குறைந்திருக்கிறது என்றும், மருத்துவர் தந்த மருந்தை இன்னும் நிறுத்தவில்லை என்றும் தாயார் கூறினார். அவனுடைய கட்டில் இப்போது மறு அறையில்.

கிழித்த நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அவன் காலை மாலை ஈரப்பதத்தைக் குறித்து வைத்திருந்தான். அன்று காலை 58 என்று எழுதியிருந்தது. புரட்டிக்கொண்டே போனோம். ஆவணி முதல் வாரத்தில் ஒரு தாளில் மட்டும் 91 என்றிருந்தது. என்ன ஆயிற்று என்று கேட்டோம்.

"அன்றைக்கு மாமா ஊரிலிருந்து வந்தார். புழுக்கமாக இருக்கிறதென்று சாளரத்தைத் திறந்துவிட்டுத் தூங்கிவிட்டார்" என்றான்.